வெயில் தேடி வந்த பிள்ளை

மல்லாங்கிணறு என்றதும் இலக்கிய வாசகர்கள் பலருக்குத் தமிழச்சி தங்கபாண்டியன் நினைவுக்கு வருவார். ‘எஞ்சோட்டுப் பெண்’, ‘வனப்பேச்சி’ ஆகிய தொகுப்புகளின் வழியாக எங்கள் கரிசலை அறிந்தவர்கள் அவர்கள். அறியாதவர்களுக்காக ஒரு சொல்: விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடைப்பட்ட பேரூர் இது. தெற்கே அருப்புக்கோட்டை, அதற்குக் கிழக்கே திருச்சுழி. வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் மல்லியும் விளைந்த புஞ்சைகள் பலவற்றில் இன்று வேலிக்கருவை நிற்கிறது. மழை பொய்த்ததால் இந்த மண்ணை விட்டுப் போனவர்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இந்த வெயிலையும் வறட்சியையும் தேடி ஒருவர் வரக்கூடும் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. 2024ஆம் ஆண்டு மாசியில் அப்படி ஒருவன் வந்தான். எங்கள் அண்ணன் மகன்.

நாங்கள் என்பது இங்கே கணவனும் மனைவியும். இருவரும் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறோம். பிள்ளை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் வாகன உதிரிபாகத் தொழிலில் பொறியாளன். மார்கழியில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தான்.

“சித்தப்பா, மாசியில வாரேன். மெட்ராசுப் பக்கம் ரெண்டு நாள் வேலை இருக்கு. பைக் ஓட்டுற வேலை. அம்மாட்ட மட்டும் சொல்லீராதீக.”

பைக் என்ற சொல்லை அவன் தயங்கித்தான் சொன்னான். அந்தத் தயக்கத்தின் காரணம் எங்கள் குடும்பத்தில் அனைவருக்கும் தெரியும்.

*

இங்கிலாந்தில் ஐப்பசி முடிந்தால் மோட்டார்சைக்கிள்காரர்களுக்கு ஏறத்தாழ ஓய்வுக்காலம் தொடங்கிவிடுகிறது. குளிரும் ஈரமும் சேர்ந்த தார்ப்பரப்பில் டயருக்குப் பிடிப்பு இராது. பந்தய டயரின் ரப்பர் சூடேறினால்தான் இளகித் தரையைப் பற்றும். அதற்காகவே வண்டி நிற்கும்போதும் டயரைச் சுற்றி மின்போர்வை போர்த்தி எண்பது பாகை அளவுக்குச் சூடாக்கி வைக்கிறார்கள். குளிர்ந்த தரையில் அந்தச் சூடு நிற்பதில்லை. ஆகவே அங்குள்ளவர்கள் குளிர்காலத்தில் தெற்கே போகிறார்கள். வண்டிகளை மொத்தமாக லாரியில் ஏற்றி ஸ்பெயினுக்கு அனுப்பிவிட்டு, தாங்கள் விமானத்தில் பின்னால் செல்கிறார்கள். ஹெரெஸ், கார்த்தஹேனா, அல்மேரியா என்று தென் ஸ்பெயினில் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. யாரோடும் போட்டியில்லை, பரிசுமில்லை. கட்டணம் செலுத்தி, இருபது நிமிடம் சுற்றி, இறங்கி இளைப்பாறி, மறுபடி சுற்றுவார்கள். அதற்காக இரண்டாயிரம் கிலோமீட்டர் பயணம்.

பிள்ளை இரண்டு குளிர்காலங்கள் அல்மேரியாவுக்குப் போயிருக்கிறான். அங்கே தபெர்னாஸ் என்றொரு பாலைநிலம் இருக்கிறது. செர்ஜியோ லியோனி இயக்க, கிளின்ட் ஈஸ்ட்வுட் குதிரையில் வந்த படங்களின் காட்சிகள் பல எடுக்கப்பட்ட இடம். பந்தயத் தடம் அதன் அருகில்தான்.

“இறங்கி வெளிய வந்ததும் சப்பாத்திக்கள்ளியப் பாத்தேன் சித்தி. காஞ்ச ஓடை, மொட்டைக் குன்று. நம்ம ஊருக்குப் பஸ்ஸுல வந்து எறங்குனது மாதிரியே இருந்துச்சு. அந்த வெள்ளைக்காரங்க எல்லாம் மழையில்லாத ஊருன்னு சந்தோசப்படுறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு.”

தொல்காப்பியம் பாலைத்திணைக்கு வேனிற்காலத்தோடு பின்பனிக்காலத்தையும் உரியதாக்குகிறது. வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவோம். பிரிவுக்கு உரிய காலம் ஏன் பனிக்காலமாகவும் இருக்க வேண்டும் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை, நாங்களும் விளக்கியதில்லை. மாசியும் பங்குனியும் பின்பனி. பொருள்வயிற் பிரிந்தவன் அந்தப் பனிக்காலத்தில் பாலையை நோக்கி வருகிறான் என்பது எங்களுக்கு எதிர்த்திசையில் நடந்த ஒரு பாடமாகத் தோன்றியது.

ஸ்பெயினுக்குப் போகாமல் இந்த ஆண்டு ஏன் இங்கே என்று கேட்டோம். இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சி இருக்கிறது என்றான். பிறகு சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அப்பா போன ரோடு இருக்குற ஊருல ஒருதரம் ஓட்டணும்” என்றான்.

*

2011ஆம் ஆண்டு. மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்குவழிச்சாலையில், காரியாபட்டிக்கு முன்னால், இரவு எட்டு மணி இருக்கும். அண்ணன் நூல் வாங்கிக்கொண்டு மதுரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். சாலையோரம் விளக்கின்றி ஒரு லாரி நின்றிருக்கிறது. நெருங்கிய பின்னரே அவர் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும். அவர் பிரேக்கை மிதித்தார் என்பதற்குச் சாட்சி தரையில் இருந்தது. பின்சக்கரம் உருளாமல் இழுபட்டு வந்த கருப்புக் கோடு, நேராக, நீளமாக, லாரி நின்ற இடத்தில் போய் முடிந்தது.

பிள்ளைக்கு அப்போது பதினான்கு வயது. கொண்டுவிட்ட மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போகும்படி ஆயிற்று. காவல்நிலையத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அவன் அந்தக் கோட்டின் மேல் அடி மேல் அடி வைத்து நடந்து அளந்தான். நாங்கள் அதைத் துயரத்தின் பித்து என்று எண்ணித் தடுக்காமல் இருந்தோம். எத்தனை அடி என்று அவன் அன்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இந்த மாசியில் சொன்னான். அறுபத்திரண்டு.

எங்கள் பக்கத்தில் வண்டி கற்றுத் தருகிறவர் முதலில் சொல்வது, “முன் பிரேக்கைத் தொட்டுறாத, கவுத்திவிட்டுரும்” என்பதுதான். அப்பா மகனுக்குச் சொல்வார். அண்ணன் தம்பிக்குச் சொல்வார். எங்கள் அண்ணன் எங்களுக்குச் சொன்னதும் அதுவே. மணலில், அல்லது வண்டி சாய்ந்து திரும்பும்போது, முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும் என்பது உண்மை. மண்பாதையில் பிறந்த அறிவு அது, மண்பாதைக்குப் பொருந்தும். வண்டி மாறியது, சாலையும் மாறியது. அந்த அறிவுரை மட்டும் மாறவில்லை. நேராகச் செல்லும் வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்னோக்கிச் சரிகிறது. முன் டயர் தரையில் அழுந்துகிறது. பின் டயர் இலகுவாகிறது. ஆகவே நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன்னால்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் இலகுவான பின்சக்கரம் சுழற்சி நின்று வழுக்கும். வண்டி நிற்கும் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். அண்ணன் அதைவிடச் சற்றுக் குறைவாகவே வந்திருப்பார், அவர் நிதானமானவர். அந்த அறுபத்திரண்டு அடியில் பாதித் தூரம் குறைந்திருந்தால் என்று கணக்குப் போடுவது எளிது. ஒரு பையன் அந்தக் கணக்கைப் பதின்மூன்று ஆண்டுகள் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். இது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

*

மதுரையில் பாண்டியன் வண்டியேறி விடியலில் தாம்பரத்தில் இறங்கினோம். அங்கிருந்து வாடகைக் காரில் இருங்காட்டுக்கோட்டை. மதினியிடம், பிள்ளைக்குத் துணையாகச் சென்னைக்குப் போய்வருகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தோம். பொய்யில்லை, முழு உண்மையுமில்லை.

திருப்பெரும்புதூரை இராமானுசர் பிறந்த தலமாகவே நாங்கள் பாடத்தில் அறிவோம். இன்று அந்த வட்டாரம் மோட்டார் வாகனத் தொழிலின் நிலம். ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது இருங்காட்டுக்கோட்டையில்தான். அதற்கும் எட்டு ஆண்டுகள் முன்பே, 1990இல், பந்தயத் தடம் அங்கே வந்துவிட்டது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்தது. அதற்கு முன்னர்ப் பந்தயங்கள் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை அது. போர் கைவிட்டுச் சென்ற ஓடுபாதையில் வேகம் பழகிய தலைமுறை, பின்னர்த் தனக்கென ஒரு தடம் போட்டுக்கொண்டது. கோவையில் செட்டிபாளையத்தில் இருக்கும் தடத்துக்கு, 1997இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயர். உலக மோட்டார்சைக்கிள் போட்டித் தொடரின் 125 சிசி பிரிவில் 2011இல் களமிறங்கிய சரத் குமார் சென்னைக்காரர். மோட்டார் பந்தயம் என்பது எங்கோ அயல்நாட்டில் நடப்பது என்ற எங்கள் எண்ணம் அறியாமைதான். நாங்கள் பிறந்த மாநிலத்திலேயே அதற்கு எழுபதாண்டு வரலாறு இருக்கிறது.

தடத்தின் நீளம் 3.7 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பன்னிரண்டு வளைவுகள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் வழங்குகிறது. காலைப்பனி விலகாத நேரம். பயிற்சிக்கு வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். கன்னடமும் மலையாளமும் இந்தியும் கேட்டன. தில்லிப் பக்கத்திலிருந்து வந்திருந்த இருவர், அங்கே மூடுபனியில் முன்னால் போகும் வண்டி தெரியாத காலம் இது என்றார்கள். அவர்களுக்கும் இது வெயில் தேடிய பயணமே.

பயிற்சிக்கான வண்டிகளை அவர்களே தந்தார்கள். கண்ணாடிகளைக் கழற்றியிருந்தார்கள். முகப்பு விளக்கின் மேல் ஒட்டுநாடா. விழுந்து உடைந்தால் சில்லு தடத்தில் சிதறக் கூடாது. வேகங்காட்டும் கருவியின் மேலும் ஒட்டுநாடா. அது ஏன் என்று கேட்டோம். “எத்தனையில போறோம்னு பாத்தா அதைத்தான் பாப்போம், ரோட்டைப் பாக்க மாட்டோம்” என்றான் பிள்ளை. வேகத்தைப் பழகும் இடத்தில் வேகத்தைக் காட்டும் எண்ணை மூடி வைத்திருக்கிறார்கள். சாலையில் எங்கள் மாணவர்கள் கைபேசியில் படம்பிடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வது அந்த எண்ணை மட்டும்தான்.

தோலாடையும் கவசமும் அணிந்து அவன் வந்து நின்றபோது சற்றுநேரம் அடையாளம் தெரியவில்லை. முதுகிலும் தோளிலும் திண்டுகள். முழங்காலில் தரை உரசுவதற்கென்று பிளாஸ்டிக் வில்லைகள். ஆற்றைக் கடக்கப் போகும் பிள்ளையைக் கரையில் நின்று பார்ப்பது போலப் பார்த்தோம். எங்களில் ஒருவர் திருச்சுழித் திருமேனிநாதரை வேண்டிக்கொண்டது மற்றவருக்குத் தெரியும்.

*

காலை வகுப்பில் பின்வரிசையில் உட்கார எங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். இருபதாண்டுகளுக்கு மேல் வகுப்பெடுத்தவர்கள் மாணவராக உட்காருவது நல்ல அனுபவம். பயிற்றுநர் நல்ல ஆசிரியர். ஒரு வேளைக்கு ஒரு பாடம்தான் சொன்னார். அதை மட்டும் தடத்தில் செய்துபார்க்கச் சொன்னார். இறங்கி வந்ததும் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துப் பேசினார்.

அமெரிக்காவின் கீத் கோட் என்பவர் 1980இல் தொடங்கிய பந்தயப் பயிற்சிப் பள்ளியும், 1983இல் எழுதிய ‘எ ட்விஸ்ட் ஆஃப் த ரிஸ்ட்’ என்ற நூலும் இத்துறையில் இன்றுவரை செல்வாக்குடையவை. அவர் ஓட்டுநரின் கவனத்தைக் கையிலிருக்கும் பத்து டாலர் பணத்துக்கு ஒப்பிடுகிறார். ஒவ்வொரு செயலும் அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. புதியவனுக்குப் பிரேக் பிடிப்பதற்கே முழுப் பணமும் போய்விடும். பழகப் பழக அதன் விலை குறைகிறது. மிச்சப்பட்ட பணத்தில் சாலையைப் பார்க்கலாம். பயிற்சி என்பது கவனத்தைச் சேமிப்பது.

இதைக் கேட்டபோது அகநானூற்றின் நான்காம் பாட்டு எங்களுக்கு நினைவில் வந்தது. கார்காலம் தொடங்கிவிட்டது, தலைவன் தேரில் திரும்பிக்கொண்டிருக்கிறான். விரைந்தாக வேண்டும். ஆயினும் பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் கலையுமே என்று தேர்மணியின் நாவை ஒலிக்காதவாறு கட்டிவிட்டு வருகிறான். தலைவனின் அருளுக்குச் சான்றாக இப்பாடலைக் கற்பித்து வந்திருக்கிறோம். அன்று இருங்காட்டுக்கோட்டையில் வேறொன்றும் புலப்பட்டது. அவன் தேர் செலுத்துவதில் தேர்ந்தவனாக இருந்திருக்க வேண்டும். விரைவிலேயே தன் கவனம் முழுவதையும் செலவிட்டவனுக்கு வண்டு கண்ணில் படாது. விளக்கில்லாத லாரியும் கண்ணில் படாது.

பிறகு தடத்தில் இறங்கினார்கள். முதலிரண்டு சுற்றுகளுக்கு எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஒலி மட்டும்தான். மெல்லக் கண் பழகியது. வளைவின் வெளியோரத்திலிருந்து உள்ளோரத்தைத் தொட்டு மறுபடி வெளியோரத்துக்கு விரியும் ஒரு கோடு அவர்களுக்குள் இருக்கிறது. கோலம் போடுகிறவர் கை புள்ளியைச் சுற்றிப் போவது போல எல்லாரும் ஏறத்தாழ அதே கோட்டில் போனார்கள். நேர்ப்பாதையின் முடிவில், வளைவுக்கு முன்னால், ஒவ்வொரு வண்டியும் முன்பக்கம் தாழ்ந்து எழுந்தது. முன் பிரேக். எங்கள் ஊரில் தொடக் கூடாதது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், அதே அளவில், விரல்களால் மெல்ல அழுத்தி. நாற்பது முறையாவது பார்த்திருப்போம். ஒருமுறைகூடத் தரையில் கருப்புக் கோடு விழவில்லை.

பிற்பகலில் எங்களுக்கு எதிர்ப்புற வளைவில் ஒருவர் விழுந்தார். வண்டி புல்லில் சறுக்கிப் போயிற்று. உடனே மஞ்சள் கொடி. பின்னால் வந்தவர்கள் ஒருவரையொருவர் முந்தாமல் வேகம் குறைத்தார்கள். ஆம்புலன்ஸ் புறப்படுவதற்குள் அவரே எழுந்து கையசைத்தார். அது எங்கள் பிள்ளையில்லை என்று தெரிந்துகொள்ளும்வரை நாங்கள் மூச்சுவிடவில்லை. தெரிந்த பிறகு அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டோம். விழுந்தவருக்கும் வீட்டில் யாரோ இருப்பார்கள்.

தடத்தில் ஆபத்தே இல்லை என்று எழுதினால் அது பொய். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதே தடத்தில் தேசியப் போட்டியொன்றில் பதின்மூன்று வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அந்தச் செய்தி எங்கள் நெஞ்சில் இருந்துகொண்டே இருந்தது. ஆனால் இங்கே விழுவது எதிர்பார்க்கப்பட்ட ஒன்று. விழுபவனுக்காகப் புல்லும் மணலும் கொடியும் மருத்துவரும் காத்திருக்கின்றன. எதிரே வண்டி வராது. ஆடு குறுக்கே வராது. விளக்கில்லாமல் லாரி நிற்காது. சாலை நடுவணரசின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவர்களுக்காக எதுவும் காத்திருக்கவில்லை. எங்கள் வருகைப்பதிவேட்டில் சிவப்பு மையால் கோடிட்ட பெயர்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் காரணம் எழுத இடமில்லை.

வேகம் இளமையோடு பிறந்தது. அதை வைது நிறுத்திவிட முடியாது என்று கல்லூரி ஆசிரியர்களுக்குத் தெரியும். அதற்கு ஓர் இடமும் ஒரு காலமும் ஓர் ஆசானும் வேண்டும். கவென்ட்ரியிலிருந்து அல்மேரியாவுக்குப் போகிறவர்கள் இம்மூன்றையும் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் அப்படித்தான், இரண்டு நாள் பயிற்சிக்குப் பிள்ளை கட்டிய தொகையை எங்கள் மாணவர்களின் பெற்றோர் ஆறு மாதத்தில் மிச்சம்பிடிக்க மாட்டார்கள். இம்மூன்றும் இல்லாத ஊரில் நான்குவழிச்சாலை அவற்றின் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது. அது கொடிய ஆசான். தவறைத் திருத்திக்கொள்ள இரண்டாம் முறை தருவதில்லை.

*

ஊர் திரும்பியதும் மதினியிடம் உண்மையைச் சொன்னோம். மறைத்தது எங்களை உறுத்தியது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். பருத்தி பிரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் கேட்டார்.

“எத்தனை நாளா ஓட்டுற?”

“மூணு வருசமாம்மா.”

“விழுந்தியா?”

“ரெண்டு தடவை.”

அதற்கு மேல் அவர் பேசவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவுமில்லை.

பிள்ளைக்கு இன்னும் ஒன்பது நாள் விடுப்பு இருந்தது. எங்கள் மாணவர்கள் சிலருக்குப் பிரேக் பிடிக்கச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டோம். எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கியவர்கள். நிறுத்திக் காட்டும்படி அவர்களை யாரும் கேட்டதில்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசியைத் தாண்டிய புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாதிருக்க ஏபிஎஸ் கட்டாயம். அதற்குட்பட்டவற்றில் இரண்டு பிரேக்குகளையும் இணைத்து இயக்கும் ஏற்பாடாவது இருக்க வேண்டும் என்று அப்போது கட்டாயமாயிற்று. எங்கள் மாணவர்கள் ஓட்டுவது மாமனும் அப்பாவும் ஓட்டிக் கழித்த வண்டிகள். அவற்றில் இவை எதுவும் கிடையாது.

இடத்துக்குச் சிரமமிருக்கவில்லை. கரிசலில் இப்போது வீட்டுமனைகள் விளைகின்றன. வண்ணம் பூசிய எல்லைக்கற்கள், ஆளில்லாத தார்ச்சாலைகள், வளைவில் ஒரு பெயர்ப்பலகை. வீடு மட்டும் இல்லை. மழையும் இல்லை, மாசி வெயிலில் தரை காய்ந்து கிடந்தது. எங்கள் வறட்சி முதன்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, சாலையில் விழுந்த மணலைப் பெருக்கிச் சுத்தம் செய்து, காலை ஆறு மணிக்கு ஏழு பேரோடு தொடங்கினோம். எல்லாருக்கும் தலைக்கவசம். வேகம் முப்பதுக்கு மேல் இல்லை.

சுண்ணாம்பால் குறுக்கே ஒரு கோடு. அதைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். முதல் நாள் ஏழு பேரும் பின் பிரேக்கை மிதித்தார்கள். தரையில் ஏழு கருப்புக் கோடுகள். பிள்ளை அவற்றைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். பிறகு குனிந்து ஒவ்வொன்றையும் நாடாவால் அளந்து நோட்டில் எழுதினான்.

“திருப்பும்போது முன்னாடி பிடிக்காத. மணல்ல பிடிக்காத. நேரா போறப்ப, ரெண்டையும் சேத்து, முன்னாடி மெல்ல ஆரம்பிச்சு அழுத்திக்கிட்டே போ. எலுமிச்சம்பழம் பிழியுற மாதிரி. குத்தாத, பிழி.”

மூன்றாம் நாள் மதினி வந்தார். தூக்குச்சட்டியில் காப்பி கொண்டுவந்தவர் எல்லைக்கல் ஒன்றின் மேல் அமர்ந்தார். அன்றைக்கு நிற்கும் தூரம் பாதிக்குக் குறைந்திருந்தது. ஐந்து பேர் கோடே விழாமல் நிறுத்தினார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகனை அழைத்தார்.

“இம்புட்டுத்தானாய்யா?”

“இம்புட்டுத்தாம்மா.”

“இதை அவருக்கு ஒருத்தரும் சொல்லித் தரலையே.”

மாணவர்கள் வண்டியை அணைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் என்ன பேசுவதென்று தமிழ் படித்த எங்களுக்கும் தெரியவில்லை. விளக்கில்லாமல் லாரியை நிறுத்தியவன் குற்றம்தான் முதல் குற்றம். கற்றிருந்தாலும் அண்ணன் பிழைத்திருப்பார் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதைப் பிறகு மதினியிடம் சொன்னோம். பிள்ளையிடமும் சொன்னோம். அவன் அதை அறிந்தவன்தான். ஆனாலும் அறுபத்திரண்டு என்ற எண்ணை அவன் எங்களிடம் சொன்னது அன்றிரவுதான்.

பங்குனி பிறக்கும் முன்னர் அவன் போய்விட்டான். போகுமுன் காரியாபட்டிச் சாலையில் அந்த இடம்வரை ஒருமுறை ஓட்டிப் போய்வந்தான். எங்களில் ஒருவர் பின்னால் அமர்ந்து சென்றோம். ஐம்பதுக்கு மேல் போகவில்லை. அந்த இடத்தில் நிறுத்தவுமில்லை. வேகத்தைச் சற்றுக் குறைத்துவிட்டுக் கடந்தான்.

சனிக்கிழமை காலைகளில் மனைச்சாலையில் நாங்கள் தொடர்ந்து கூடுகிறோம். கற்றுக்கொண்டவர்களில் இருவர் மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். நாங்கள் நாடா பிடிக்கிறோம், நோட்டில் எழுதுகிறோம். பெரிய காரியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஐப்பசியில் மழை பெய்தால் நிறுத்திவிட்டுத் தையில் தொடங்குவோம். எங்களுக்கும் இப்போது ஒரு பருவம் உண்டு. மதினி இன்றுவரை எந்த வண்டியிலும் ஏறுவதில்லை, காரியாபட்டிக்கும் பேருந்துதான். ஆனால் சனிக்கிழமை நாங்கள் திரும்பும் நேரம் பார்த்து வாசலில் நிற்பார்.

“இன்னைக்குக் கோடு விழுந்துச்சா?”

விழுந்தால் விழுந்தது என்று சொல்கிறோம். எத்தனை அடி என்பதையும் சொல்கிறோம்.